பொய்த்துப்போன நிலாக்கள்

(சேலத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். என்னைப் பேசக் கூப்பிட்ட நண்பர் போனிலேயே ஒரு கேள்வி கேட்டார். "பழைய அறிவியல் புனைகதையாகவே வாங்கி அடுக்குகிறீர்களே, அதில் சொன்னது பாதி நடக்கவே இல்லையே சார்?" பாதியா? முக்கால்வாசி நடக்கவில்லை. நான் தேடித்தேடி வாங்குவதே அந்த முக்கால்வாசியைத்தான்.

பலித்ததைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். ஆர்தர் சி. கிளார்க் 1945-லேயே தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களைப் பற்றி எழுதிவிட்டார் என்று தொடங்கினால் கைதட்டல் நிச்சயம். எழுதியது உண்மைதான். ஆனால் அது கதை இல்லை, ஒரு வானொலிப் பத்திரிகையில் வந்த தொழில்நுட்பக் கட்டுரை. கதைக்காரர் கிளார்க்கை ரசிக்க வேண்டுமென்றால் அவர் தவறிய இடத்துக்குப் போக வேண்டும்.

1961-இல் அவர் 'எ ஃபால் ஆஃப் மூன்டஸ்ட்' என்றொரு நாவல் எழுதினார். நிலாவில் தூசியே கடலாகக் கிடக்கிறது. அதன்மேல் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகிற படகு ஒருநாள் தூசிக்குள் மூழ்கிவிடுகிறது. உள்ளே ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள், மேலே தேடுகிறவர்களுக்கு இடம் தெரியவில்லை. நாவல் முழுக்க இதுதான். வில்லன் கிடையாது, வேற்றுக்கிரகவாசி கிடையாது. காற்றும் சூடும் தூசியும்தான் பாத்திரங்கள்.

இது வெறும் கற்பனையும் இல்லை. நிலாவின் சமவெளிகளில் ஆழமான தூசி இருக்கலாம் என்று தாமஸ் கோல்ட் என்ற வானியலாளர் 1955-இல் சொல்லியிருந்தார். 1966 பிப்ரவரியில் ரஷ்யர்களின் லூனா 9 விண்கலம் நிலாவில் மெதுவாக இறங்கியது, மூழ்கவில்லை. ஜூனில் அமெரிக்கர்களின் சர்வேயர் 1-உம் கெட்டித் தரையில்தான் நின்றது. ஐந்தே வருடத்தில் நாவலின் கடல் வற்றிப்போனது.

சரி, அப்புறம் ஏன் அந்தப் புத்தகத்தை வைத்திருக்க வேண்டும்? பதில் நம்ம ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. சித்தம்பூண்டி, குன்னமலை. இன்று நாமக்கல் மாவட்டம். 1997-இல் பிரிவதற்கு முன் சேலம் மாவட்டம்தான். அங்கே கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை நிலாவின் மேட்டு நிலங்களில் இருக்கும் பாறையோடு ஒத்துப்போகிறது. சந்திரயான் இறங்குகலத்தின் கால்களையும் ஊர்தியின் சக்கரங்களையும் சோதித்துப் பார்க்க இஸ்ரோவுக்கு நிலா மண் வேண்டியிருந்தது. இந்தப் பாறையை டன் கணக்கில் கொண்டுபோய்ப் பொடியாக்கித்தான் அதைச் செய்தார்கள். நம்ம பெரியார் பல்கலைக்கழகப் புவியியல்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு. கால் வைத்தால் அந்தத் தரை தாங்குமா, எவ்வளவு புதையும்? கிளார்க் நாவலின் மொத்தக் கவலையும் அதுதானே! அவருடைய பதில் தப்பு. கேள்வி, சந்திரயான்-3 நிலாவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 வரைக்கும் உயிரோடுதான் இருந்தது.

செவ்வாய்க்கும் இதே கதிதான். எச்.ஜி. வெல்ஸ் 1898-இல் தன் நாவலில் அங்கிருந்து பூமிமேல் படையெடுப்பு நடத்தினார், ரே பிராட்பரி 1950-இல் தன் கதைகளில் அங்கே ஊர்களையே எழுப்பினார். 1965-இல் மரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் இருந்தவை வெறும் பள்ளங்கள். பிராட்பரியை நான் இன்னும் எடுத்துப் படிக்கிறேன், மரினர் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

தமிழில் சேர்க்கிறவர்களுக்குத் தனி ருசி ஒன்று உண்டு: பைண்டு செய்த தொடர்கதை. வாராவாரம் பத்திரிகையிலிருந்து தாளைக் கிழித்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் அட்டை போட்டுத் தைத்து வைப்பார்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைப் புத்தகமாக எந்தக் கடையிலும் வாங்கலாம். விகடன் தாள்களில் படித்தால் ஓவியமும் இருக்கும், பின்பக்கத்தில் பாதி ஜோக்கும் பழைய விளம்பரமும் இருக்கும். அந்தக் கதை நடக்கும் காலத்தை நாம் தாண்டிவிட்டோம். அதில் வரும் ஜீனோ மாதிரிப் பேசுகிற இயந்திர நாய் வீட்டுக்கு வரவில்லை, அதனால் ஜீனோவுக்கு வயதாகிவிட்டதா என்ன?

பழைய தாளுக்கு வயதாகும், அது வேறு விஷயம். மலிவுப் பதிப்புகள் அச்சான தாளில் அமிலம் இருக்கிறது. ஓரத்திலிருந்து பழுப்பேறி, மடித்தால் ஒடியும். ஏற்காட்டில் உறவினர் வீட்டில் கொஞ்ச காலம் ஒரு பெட்டி புத்தகம் வைத்திருந்தேன். பனிமூட்டத்தின் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சையைத் தேடி வெள்ளிப்பூச்சி வரும். வேப்பிலை, வசம்பு எல்லாம் சொல்வார்கள். என் அனுபவத்தில் காற்றோட்டமும் காய்ந்த இடமும்தான் மருந்து. கீழே சேலத்து வெயிலைத் திட்டாத நாளில்லை, ஆனால் புத்தகத்துக்கு மலையைவிட இதுதான் தேவலை. நேர் வெயில் மட்டும் படக்கூடாது.

கடைசியாக ஒன்று கேட்டுவிட்டு இறங்குகிறேன். ஏற்காடு சாலையில் வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிற மாடர்ன் தியேட்டர்ஸ், 1952-இல் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற படம் எடுத்தது. தமிழில் 'காடு'. அழிந்துபோன மாமத் யானைகள் இந்தியக் காட்டில் திரும்பி வருவதாகக் கதை. நம்ம யானைகளுக்கே ரோமம் போர்த்தி மாமத் ஆக்கியிருக்கிறார்கள்! அந்தப் படத்தின் நோட்டீஸோ பத்திரிகை விளம்பரமோ உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் கிடந்தால், பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில்தான் நிற்பேன், விலை பேசிக்கொள்ளலாம்.