பாங்காக் உரலும் ஆயிரம் பாட் நோட்டும்

மக்களே, வணக்கம். முதலில் இதைப் பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே கொண்டு வருகிறேன். மண் உரல். ஒரு கீறல்கூட இல்லை! பாங்காக்கிலிருந்து துண்டில் சுற்றி, பெட்டிக்கு நடுவில் வைத்து, சுற்றிலும் துணியை அடைத்துக் கொண்டு வந்தேன். நேற்று ராத்திரி பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை எனக்கு நிம்மதியே இல்லை. இதை வாங்கிய கதைதான் இன்றைக்கு. கூட்டத்தில் கேமராவைத் தூக்கவே முடியவில்லை, அதனால் உட்கார்ந்து பேசிவிடுகிறேன்.

கூட வந்தவளைப் பழைய ஆட்களுக்குத் தெரியும். புளிக்காய்ச்சல் வீடியோவில் பின்னாலிருந்து "உப்பு பத்தாதுடி" என்று குரல் மட்டும் கொடுத்தாளே, அவளேதான். இப்போது அவளுக்கு பாங்காக்கில் வேலை. முகம் காட்ட இன்னமும் சம்மதிக்கவில்லை, கேட்டு கமெண்ட் போடாதீர்கள்.

சனிக்கிழமை காலையிலேயே சட்டுச்சக் சந்தைக்குப் போய்விட்டோம். சனி, ஞாயிறுதான் அங்கே முழுச் சந்தை. 1982-இல் சனாம் லுவாங் மைதானத்திலிருந்து இந்த இடத்துக்கு மாற்றினார்கள். 27 பகுதிகள், 15,000 கடைகளுக்கு மேல். தகரக் கூரை, குறுகலான சந்துகள், நேரம் ஆக ஆகப் புழுக்கம் தாங்காது. சீக்கிரம் போங்கள். யானை படம் போட்ட தொளதொள பேன்ட் வாங்கினீர்களா என்று கேட்பீர்கள். வாங்கவில்லை. எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

எனக்கு வேண்டியது உரல். கருங்கல் உரலும் இருந்தது, அதைத் தூக்கினால் பெட்டியின் எடை அதோடு முடிந்தது. கருங்கல் மசாலா அரைப்பதற்கு. சோம் தம், அதாவது அந்தப் பச்சைப் பப்பாளி சாலட், அதற்கு இந்த ஆழமான மண் உரலும் மர உலக்கையும்தான். பப்பாளி நசுங்கக் கூடாது, லேசாக அடிபட்டுப் புளிப்பும் காரமும் உள்ளே இறங்க வேண்டும். கல்லில் ஓங்கிக் குத்தினால் கூழாகிவிடும்.

கடைக்கார அம்மா 280 பாட் சொன்னார். ஒரு பாட் நம் காசுக்கு இரண்டரை ரூபாய்க்கு மேலே வரும், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தோழி சொல்லிக் கொடுத்தபடி "லொத் தாய் மாய்", அதாவது விலை குறைக்க முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். கால்குலேட்டரில் 250 தட்டினார். நான் 200 தட்டினேன். கடைசியில் 220. உலக்கைக்குத் தனியாக 60 என்றார், நான் உலக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். சரி, எடுத்துக்கொள் என்று கையைக் காட்டிவிட்டார். உலக்கை இனாம்! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

அப்புறம்தான் சிக்கல். என்னிடம் இருந்ததெல்லாம் ஆயிரம் பாட் நோட்டு. ஏடிஎம்மில் 220 பாட் கட்டணத்தையும் பிடித்துக்கொண்டு, கொடுத்தது முழுக்க ஆயிரமாகவே. ஒரு உரல் விலையைக் கட்டணமாக எடுத்திருக்கிறார்கள், பாருங்கள்! அந்த அம்மாவிடம் சில்லறை இல்லை. தோழி போனில் க்யூஆர் ஸ்கேன் செய்து கட்டுகிறேன் என்றாள். விடவில்லை. என் உரலுக்கு என் காசுதான். தேங்காய் ஐஸ்கிரீம் கடைக்காரர் நோட்டைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். பக்கத்துச் சந்தில் தம்பிக்கு 199 பாட் விலையில் ஒரு சட்டை வாங்கித்தான் நோட்டை உடைத்தேன். எந்த ஊர் ஏடிஎம்மாக இருந்தாலும் கொஞ்சம் சின்ன நோட்டு கொடுத்தால் என்ன? சந்தைக்கு வருகிறவர்களுக்கு அதுதானே வேண்டும்!

சொல்ல மறந்துவிட்டேன், பேரம் பேசுவதற்கு முன்னாலேயே கடைக்கு மேலே இருந்த பகுதி எண், சந்து எண் பலகையைப் போனில் படம் எடுத்திருந்தேன். எல்லாச் சந்தும் ஒன்று போலவே இருக்கும், அந்தப் படம் இல்லையென்றால் திரும்பிப் போயிருக்கவே முடியாது. போனால், அந்த அம்மா உரலைச் செய்தித்தாளில் சுற்றித் தயாராக வைத்திருக்கிறார். தங்கமான மனுஷி.

திரும்பும் வழியில் தேங்காய் ஐஸ்கிரீமும் சாப்பிட்டோம், இளநீர் ஓட்டிலேயே வைத்து, மேலே வேர்க்கடலை தூவி. மக்காச்சோளம் போடாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள், ஐஸ்கிரீமில் எனக்கு அது ஆகாது.

மதியம் ரோட்டைத் தாண்டி ஓர் தோர் கோர் சந்தை. பழமெல்லாம் ஒழுங்காக அடுக்கி அவ்வளவு சுத்தம், விலையும் அதற்கேற்ற மாதிரி. மாம்பழமும் ஒட்டரிசிச் சாதமும் அங்கேதான் சாப்பிட்டோம். உப்பு போட்ட தேங்காய்ப்பால், மேலே மொறுமொறுவென்று பாசிப்பருப்பு. அந்த உப்புதான் உயிர். கனோம் க்ரோக்கும் வாங்கினோம், நம் குழிப்பணியாரக் கல்லேதான், ஆனால் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும், நடுவில் பால் இன்னும் தளதளவென்று இருக்கும்போதே எடுத்துவிடுகிறார்கள். வாயைச் சுட்டாலும் ஆறவிடாதீர்கள்.

சாயங்காலம் யாவராட், அதாவது சைனா டவுன். கம்பேங் பெட் ஸ்டேஷனில் ஏறி, ரயில் மாறாமல் வாட் மங்கோனில் இறங்கலாம். எம்ஆர்டி என்கிற அந்த மெட்ரோ ரயில் வாசலில் விசா கார்டைத் தட்டினாலே கதவு திறக்கிறது, டிக்கெட் வரிசையே வேண்டாம். சிப்பி ஆம்லெட்டுக்குத் தோழி வரிசையில் நின்றாள், எனக்குச் சிப்பி வேண்டாம், மாதுளைச் சாறு குடித்தேன். கடைசியாக இஞ்சித் தண்ணீரில் மிதக்கிற கறுப்பு எள் உருண்டை. நன்றாகக் காரமான இஞ்சி, கடித்தால் உள்ளே எள் சூடாக வழிகிறது. அன்றைக்குத் தின்றதிலேயே எனக்கு முதலிடம் அதற்குத்தான், மாம்பழத்துக்குக்கூட இல்லை. போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், ரோட்டோரக் கடைகள் நிறைய அன்றைக்கு லீவு.