முதலில் தண்ணீர் எங்கே?
அமெரிக்கச் சிற்றூர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களின் தொடக்க காலம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் தீயணைப்புக் குழு வரலாற்றைப் புரட்டினால், முதல் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பெரிய தீ இருக்கும். கடைத்தெருவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய மரக் கட்டடங்கள் ஒரே இரவில் சாம்பலாகும். உடனே ஊர்க்கூட்டம் கூடும்; தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்வாவார்கள். அந்த ஆண்டையே குழு பிறந்த ஆண்டாகப் பலகையில் எழுதி வைப்பார்கள். தண்ணீர் என்றைக்குத் தீ வரைக்கும் போய்ச் சேர்ந்ததோ, அன்றைக்குத்தான் குழு பிறந்தது என்பது என் வாதம். அதைத் தெரிந்துகொள்ளக் கூட்டக் குறிப்பேட்டைவிட வரவுசெலவுக் கணக்கைத்தான் நம்புவேன்.

இதில் மூத்த கதை நியூயார்க்கினுடையது. அது நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற சின்னஞ்சிறு டச்சுக் குடியிருப்பாக இருந்தபோது, 1648-இல் ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் தீக் கண்காணிப்பாளர்களை அமர்த்தினார். புகைபோக்கிகளைச் சோதிப்பது அவர்கள் வேலை. மரத்தில் புகைபோக்கி கட்டுவதற்குத் தடை வந்தது. கரி அகற்றாத வீட்டுக்காரரிடம் வாங்கிய அபராதம் வாளிக்கும் ஏணிக்கும் கொக்கிக்கும் போயிற்று. தப்பு செய்தவன் காசிலேயே தளவாடம்!

பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் நண்பர்களும் 1736 டிசம்பர் 7 அன்று யூனியன் தீயணைப்புக் குழுவைத் தொடங்கினார்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் சொந்தச் செலவில் தோல் வாளியும், வாயில் சுருக்குக் கயிறு வைத்த துணிப்பைகளும் வைத்திருக்க வேண்டும். அவற்றில் அவரவர் பெயரின் முதலெழுத்து இருக்க வேண்டும். பை எதற்கு? எரியும் வீட்டிலிருந்து சாமான்களை அள்ளிக் கட்டி வெளியேற்ற. அந்தக் காலத்துக் குழு வீட்டைக் காப்பாற்ற முடியும் என்று பெரிதாக நம்பவில்லை. பொருளையும் பக்கத்து வீட்டையும் காப்பதே குறி. அள்ளிய பொருள் திருட்டுப் போகாமல் வாசலில் காவலுக்கும் ஆள் நிறுத்தினார்கள்.

பிறகு கையால் அடிக்கும் பம்பு வண்டி வந்தது. நீள்தொட்டி ஒன்று, அதற்குள் இரண்டு சிலிண்டர், நடுவே காற்றறை, இருபுறமும் நீண்ட கைப்பிடிக் கட்டைகள். ஒருபுறம் அழுத்தினால் மறுபுறம் எழும். காற்றறையில் அடைபட்ட காற்றுதான் விட்டுவிட்டு வரும் நீரை ஒரே தாரையாக்கியது. ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 100 காலன் தள்ளும் பம்புக்கு, இரண்டரை காலன் வாளியில் நிமிடத்துக்கு 40 வாளி நீர் தொட்டியில் விழவேண்டும். ஒன்றரை நொடிக்கு ஒரு வாளி. நிறைந்த வாளிகள் ஒரு வரிசையில் வர, காலி வாளிகள் இன்னொரு வரிசையில் திரும்பின. கிணறு கொஞ்சம் தள்ளியிருந்தால் போதும், தொட்டி வறண்டு பம்பு வெறுங்காற்றை அடித்தது. அடிப்பவர்களும் சில நிமிடங்களில் களைத்துவிடுவார்கள். மாற்று ஆள் இல்லாத குழுவுக்குப் பம்பு இருந்தும் பயனில்லை.

உறிஞ்சு குழாய் வந்தபின் வாளி வரிசை ஒழிந்தது, வேறு தொல்லை தொடங்கியது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் நீரைச் சுமார் 10 மீட்டர்தான் மேலே தள்ளும். நடைமுறையில் ஆறேழு மீட்டர் கிடைத்தாலே பெரிது. கோடையில் ஆறு இறங்கிவிட்டால் கரைமேல் நின்ற வண்டிக்குத் தண்ணீர் எட்டாது. இணைப்பில் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தால் பம்பு காற்றை இழுக்கும். முனையில் சல்லடைக் கூடை இல்லையென்றால் இலையும் சேறும் வால்வில் சிக்கும். குளிர்காலத்தில் சிலிண்டரில் மிச்சநீர் உறைந்து விரிந்து உலோகத்தையே பிளந்துவிடும். அதனால்தான் பல ஊர்களில் வண்டிக் கொட்டகைக்கு அடுப்பும் விறகும் நிரந்தரச் செலவாக எழுதப்பட்டன. ஆறில்லாத ஊர்கள் தெருமுனையில் நிலத்தடித் தொட்டி கட்டின. என்னைக் கேட்டால், வாங்கிய வண்டியைவிட வெட்டிய தொட்டிதான் பெரிய முதலீடு.

பம்பிலிருந்து தீ வரைக்கும் நீரைக் கொண்டுபோன தோல் குழாயை முதலில் நூலால் தைத்தார்கள். அழுத்தம் ஏறினால் தையல் பிரியும். 1808 வாக்கில் பிலடெல்பியாவில் செல்லர்ஸும் பென்னக்கும் செம்பு ஆணி அறைந்து விளிம்புகளை இணைத்த பிறகே நீண்ட தூரம் நம்பிக் கொண்டுபோக முடிந்தது. ஒவ்வொரு தீக்குப் பிறகும் கழுவி, வடித்து, கொழுப்பு தடவாவிட்டால் தோல் வெடிக்கும். பின்னால் வந்த பருத்திக் குழாய்க்கு எதிரி பூஞ்சை. அதைத் தொங்கவிட்டு உலர்த்தத்தான் நிலையங்களில் கோபுரம் எழுந்தது. எச்சரிக்கை மணியைக் கட்ட அதுவே வசதியான இடமாகவும் ஆயிற்று. மணிக்குக் காசில்லாத ஊரில் பழைய ரயில் எஞ்சின் சக்கரத்தின் எஃகு வளையத்தைத் தொங்கவிட்டுச் சம்மட்டியால் அடித்தார்கள்.

தண்ணீர் குறைந்த ஊர்களுக்கு வரப்பிரசாதமாக வந்தது ரசாயன வண்டி. தொட்டியில் சோடியம் பைகார்பனேட் கரைசல். அதில் கந்தக அமிலம் கவிழ்ந்ததும் கார்பன் டை ஆக்சைடு பொங்கி, அந்த அழுத்தத்தில் நீர் பீறிடும். பம்படிக்க ஆளே வேண்டாம். இரண்டரை காலன் கைக்கருவிக்கு ஒன்றரை பவுண்டு சோடாவும் 4 அவுன்சு அமிலமும் போதும். வண்டியில் பெரும்பாலும் இரட்டைத் தொட்டி: ஒன்று பீய்ச்சும்போது மற்றதை நிரப்புவார்கள். கவிழ்த்த பிறகு வினையை நிறுத்த வழியில்லை. பயன்படுத்தியபின் கழுவாமல் விட்டால் தொட்டியை அரித்துவிடும். முதல் சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்தால் வேலை செய்யும். கூரை பற்றியபின் அந்தச் சிறு தாரை எம்மாத்திரம்?

குழாய் நீரும், தீயணைப்புக் குழாயை மாட்டி நீர் எடுக்கும் தெருவோரக் குழாய்முனையான ஹைட்ரண்டும் வந்தும் ஒரு சிக்கல் தீரவில்லை. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் எரிந்தபோது வாஷிங்டன் முதலான ஊர்களிலிருந்து உதவிக்கு வந்த குழுக்களின் குழாய் இணைப்புகள் அங்கிருந்த ஹைட்ரண்டுகளில் பொருந்தவில்லை. இணைப்பின் திருகு மரையிலும் விட்டத்திலும் ஊருக்கு ஊர் வேறுபாடு. அடுத்த ஆண்டே இரண்டரை அங்குலக் குழாய்க்கு அங்குலத்துக்கு ஏழரை மரை என்று தேசியத் தரம் வகுத்தார்கள். கையிலிருக்கும் குழாய்களுக்கெல்லாம் இணைப்பு மாற்றுவது சிற்றூருக்குக் கட்டுப்படியாகிற காரியமா? பல குழுக்கள் பழைய மரையையே வைத்துக்கொண்டு, பக்கத்து ஊருக்குப் போகும்போது மாட்டுவதற்கென்று ஓர் அடாப்டரை வண்டியில் போட்டு வைத்தன.