சர்வரை மாத்தியும் பழைய பக்கமே வருதே, ஏன்?

[திரை: பக்கத்துல பக்கத்துல ரெண்டு போன். ஒரே வெப்சைட். வைஃபை போன்ல பழைய பக்கம், மொபைல் டேட்டா போன்ல புதுசு.]

குரல்: புது சர்வர் ரெடி, டிஎன்எஸ்ல, அதாவது வெப்சைட் பேருக்கு சர்வர் முகவரியைச் சொல்ற அமைப்புல, புது ஐபியும் (சர்வரோட எண் முகவரி) போட்டாச்சு. ஆனா ஒரு போன்ல இன்னும் பழைய பக்கம்தான். "டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம் ஆகும்"னு சொல்வாங்க. டிஎன்எஸ்ல எதுவும் தானா பரவாது. அங்கங்க சேமிச்சு வச்ச பழைய விடை காலாவதி ஆகணும், அவ்வளவுதான்.

[திரை: அம்புக்குறிகளோட வரைபடம்.]

வெப்சைட் பேரை டைப் பண்ணதும் பிரவுசர் முதல்ல தன் கேஷை, அதாவது சேமிச்சு வச்ச விடைகளைப் பார்க்கும். அங்க இல்லன்னா ஆப்பரேட்டிங் சிஸ்டம் தன் கேஷையும், எந்தப் பேருக்கு எந்த ஐபின்னு நாமளே எழுதி வைக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் பார்க்கும். அப்புறம்தான் கேள்வி ரிசால்வருக்கு, அதாவது நமக்காக விடை தேடித் தர்ற சர்வருக்குப் போகும். ரிசால்வர் டிஎன்எஸ்ஸோட உச்சியில இருக்கிற ரூட் சர்வரைக் கேட்டா, டாட் காம் சர்வரைக் காட்டும். அது உங்க வெப்சைட்டோட டிஎன்எஸ் ரெக்கார்டுகளை வச்சிருக்கிற நேம்சர்வரைக் காட்டும். நேம்சர்வர் ஐபியைக் கொடுக்கும். கூடவே டிடிஎல்னு ஒரு எண்ணும் வரும்: இந்த விடையை எத்தனை விநாடி வச்சுக்கலாம்னு.

[திரை: டெர்மினல். டிக் கமாண்ட், பக்கத்துல வெப்சைட் பேர்.]

டிக் கமாண்ட் டிஎன்எஸ்கிட்ட நேரா விடை கேட்கும். விடை வரியில 81240னு இருக்கு பாருங்க, அதான் மிச்சம் இருக்கிற டிடிஎல். பத்து விநாடி கழிச்சு அதையே மறுபடி அடிச்சா 81230. ரிசால்வர் இந்தப் பழைய ஐபியை இன்னும் 22 மணி 34 நிமிஷம் வச்சிருக்கலாம். உங்க கம்ப்யூட்டர் கேஷை அழிச்சாலும் ரிசால்வர்ல இருக்கிறது அப்படியேதான் இருக்கும்.

அதனால டிடிஎல்லை முன்கூட்டியே குறைக்கணும். இப்ப 86400, அதாவது 24 மணி நேரம் இருந்தா, மாத்தறதுக்கு ஒரு நாளுக்கு மேல இருக்கும்போதே 300 ஆக்குங்க. அந்த 24 மணி நேரம் முழுசா கழிஞ்சதும் ஐபியை மாத்துங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணா பிரயோஜனமே இல்ல. 86400னு வாங்கி வச்சவங்க அதுப்படிதான் நடப்பாங்க. பழைய சர்வரை ரெண்டு மூணு நாள் அணைக்காதீங்க.

நேம்சர்வரையே மாத்தினா கதை வேற. டாட் காம் சர்வர்கள் அந்தத் தகவலை 172800 விநாடி டிடிஎல்லோட கொடுக்குது. 48 மணி நேரக் கணக்கு இங்கதான் பொருந்தும். அந்த எண்ணை நீங்க குறைக்க முடியாது.

உங்க டொமைனுக்கு முன்னாடி "பிளாக் டாட்" மாதிரி ஒரு பேர் சேர்க்கிற புது சப்டொமைன்னா, ரெக்கார்ட் போடறதுக்கு முன்னாடி அந்தப் பேரைத் திறந்து பார்க்காதீங்க. "அப்படி ஒரு பேர் இல்ல"ங்கிற விடையும் கேஷ்ல உட்காரும். எவ்வளவு நேரம்னு, டொமைனோட அடிப்படைத் தகவல் இருக்கிற எஸ்ஓஏ ரெக்கார்ட் முடிவு பண்ணும்.

[திரை: ஏ ரெக்கார்டும் குவாட் ஏ ரெக்கார்டும் அடுத்தடுத்து.]

காத்திருந்தாலும் தீராத கேஸ் ரெண்டு இருக்கு. ஒண்ணு, பழைய வகை ஐபியான ஐபிவி4-ஐச் சொல்ற ஏ ரெக்கார்டை மாத்திட்டு, புது வகையான ஐபிவி6-க்கான குவாட் ஏ-வை அப்படியே விடறது. ஐபிவி6-ல வர்றவங்க எல்லாரும் பழைய சர்வருக்குத்தான் போவாங்க. மொபைல் டேட்டால மட்டும் பழைய பக்கம் வந்தா இதை முதல்ல பாருங்க.

இன்னொண்ணு, டெஸ்டிங்குக்காக ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல போட்ட வரியை நீக்காம விடறது. டிக் கமாண்ட் அந்த ஃபைலைப் படிக்காது, பிரவுசர் அதைத்தான் மதிக்கும். டிக்ல புது ஐபி, பிங் கமாண்ட் அடிச்சா பழைய ஐபின்னா, ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து அந்த வரியை எடுத்துடுங்க.