வால்வு உட்காரும் இடம்

நேயர்களுக்கு வணக்கம். பழைய எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் வலு வேண்டும் என்று சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "போர்ட்டைக் கண்ணாடி மாதிரி மினுக்கித் தருவீர்களா?" என்பதுதான். போர்ட் என்பது ஹெட்டுக்குள் காற்று போய்வரும் வழி. கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் அப்படி மினுக்கிக் கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. வாடிக்கையாளரின் மனமும் நிறைந்துவிடும். காற்றுக்குத்தான் அதில் அக்கறை இல்லை. கார்பரேட்டர் எஞ்சினில் அந்த மினுக்கம் கெடுதலும் செய்யும். உள்ளே வரும் பெற்றோல் வழுவழுப்பான சுவரில் படலமாக ஒட்டி வழிந்துவிடும். சற்றுச் சொரசொரப்பு இருந்தால் அது மீண்டும் காற்றோடு கலக்கும்.

காசைக் கொட்ட வேண்டிய இடம், போர்ட்டைத் திறந்து மூடும் வால்வு உட்காரும் சீட்டும் அதைச் சுற்றியுள்ள சில மில்லிமீற்றரும்தான். ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 30 மில்லிமீற்றர் விட்டமுள்ள வால்வு 7.5 மில்லிமீற்றர் எழும்பினால்தான், அதைச் சுற்றித் திறக்கும் இடைவெளியின் பரப்பு வால்வுத் தலையின் பரப்பை எட்டுகிறது. அதற்குக் குறைவாக எழும்பியிருக்கும் வரை காற்றை மறிப்பது அந்த இடைவெளியே. போர்ட்டை எவ்வளவு அகலப்படுத்தினாலும் அங்கே நெரிசல் தீராது. திறக்கும்போது ஒரு தடவை, மூடும்போது ஒரு தடவை, வால்வு இந்தக் கட்டத்தைக் கடந்தே ஆக வேண்டும்.

அதனால்தான் சீட்டை ஒரே கோணத்தில் வெட்டுவதில்லை. வால்வு பொருந்தும் பட்டை பெரும்பாலும் 45 பாகை. எரியறைப் பக்கம் 30 பாகை, போர்ட் பக்கம் 60 பாகை. கூர்மையான விளிம்பில் காற்று, கடுகண்ணாவை வளைவில் வேகம் குறைக்காத பஸ் போல, பாதையை விட்டு விலகிப் போகும். கோணத்தைப் படிப்படியாக மாற்றினால் சுவரை ஒட்டியே திரும்பும்.

காற்றோட்டத்தை அளந்து பார்த்து ஹெட் செய்தவர்களில் இங்கிலாந்தின் ஹரி வெஸ்லேக் முக்கியமானவர். மொரிஸ் மைனரின் ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு ஹெட் வகுத்தவர் அவரே. நான்கு சிலிண்டருக்கு மொத்தம் ஐந்தே போர்ட்டுகள். இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரே வழியால் மூச்சிழுக்கின்றன! மொரிஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அந்த ஹெட்டில் சீட் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டது. பழைய பெற்றோலில் இருந்த ஈயம் அதைக் காத்தது. ஈயமில்லாப் பெற்றோலில் கடுமையாக ஓட்டினால் புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் பக்கத்துச் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். அங்கே கடினமான சீட் வளையம் பொருத்துவதே சரி.

பட்டையின் அகலத்திலும் கவனம் வேண்டும். காற்றுக்கு ஒடுங்கிய பட்டை நல்லது. ஆனால் எக்ஸோஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பங்கை அந்தப் பட்டை வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. ஆகவே காற்று உள்ளே வரும் இன்டேக்கில் ஒரு மில்லிமீற்றர் அளவும் எக்ஸோஸ்டில் ஒன்றரை மில்லிமீற்றர் அளவும் விடுவது என் வழக்கம். நாள் முழுக்கக் காலி வீதி நெரிசலில் நிற்கிற முச்சக்கர வண்டிக்குப் பந்தயக்கார் அளவில் வெட்டிக் கொடுப்பவரை நான் கெட்டிக்காரர் என்று சொல்லமாட்டேன்.

சீட்டை வெட்டும் கருவியின் தண்டு, வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைட்டுக்குள்தான் நிற்கிறது. கைட் தேய்ந்திருந்தால் சீட்டின் மையமும் விலகும். பிறகு எவ்வளவு பேஸ்ட் போட்டு அரைத்தாலும் வட்டம் முழுவதும் ஒட்டாது. கைட்டைப் பார்க்காமல் சீட் வெட்ட ஒப்புக்கொள்கிற கராஜிலிருந்து ஹெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள்.

வேலை முடிந்ததும் வால்வையும் ஸ்பிரிங்கையும் பூட்டச் சொல்லிவிட்டு, போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள். சில நிமிடம் பொறுத்து எரியறைப் பக்கம் பாருங்கள். அங்கே ஈரம் கசிந்திருந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.