ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் என் வயிற்றெரிச்சலும்

வணக்கம் நேயர்களே. இன்று மீன் குழம்பு செய்து காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். ஒரு கொத்துக் கறிவேப்பிலை என் மனத்தை விட்டு அகலவில்லை.

சனிக்கிழமை காலை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் வழக்கமாகப் போகும் காய்கறிக் கடையில், எனக்கு முன்னால் நின்ற பெண்மணி 20 ராண்டுக்குக் கத்தரிக்காய் வாங்கினார். கடைக்கார அக்கா அவருடைய பையில் கறிவேப்பிலைக் கொத்து ஒன்றைக் கொசுறாகப் போட்டார். டர்பன்காரர்களாகிய நாம் கொசுறைச் சூலு மொழியிலிருந்து வந்த சொல்லால் பொன்செலா என்போம். அதே 20 ராண்டுக்கு அதே கத்தரிக்காயை வாங்கிய எனக்கு ஓர் இலைகூட விழவில்லை. பையை நான் சற்று நேரம் திறந்தே பிடித்திருந்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். என் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மரமே நிற்கிறது என்பதைப் பழைய காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். ஆகவே இழப்பு ஏதுமில்லை; ஆனாலும் வீடு வந்து சேரும்வரை வயிறு எரிந்தது.

இந்த எரிச்சல் எனக்கு மட்டுமா என்று தேடினேன். விலங்குகளின் நடத்தையை ஆராயும் சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வாளர் தந்த கல்லைத் திருப்பிக் கொடுத்து வெள்ளரித் துண்டு வாங்கிக்கொண்டிருந்த கபுச்சின் குரங்குகள், பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கிடைப்பதைக் கண்டதும் பலமுறை வெள்ளரியை மறுத்துவிட்டன. திராட்சையைக் கண்டபின் வெள்ளரி சலித்துவிட்டது, அவ்வளவுதான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை, ஏனெனில் சனிக்கிழமை என் கத்தரிக்காய் எனக்குச் சலிக்கவில்லை.

இத்தகைய கோபம் எதற்காக நமக்குள் தங்கியது என்பதற்கு பரிணாம உயிரியலாளர் ராபர்ட் டிரைவர்ஸ் 1971இல் ஒரு காரணம் சொன்னார்: இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு என்று உதவி கைமாறும் கூட்டத்தில், வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவன்மீது சினம் கொள்ளாதவன் ஏமாந்துகொண்டே இருப்பான். எட்டு ஆண்டுகளாக ஒரே கடைக்குப் போகும் என் நிலை அதுதான். இருப்பினும் எதற்கெடுத்தாலும் கற்கால மூளை என்று முடித்துவிடும் காணொளிகளை நான் வெறுக்கிறேன். ஒருவர் ஒரு தொகையைப் பங்கிட, மற்றவர் ஏற்கவோ மறுக்கவோ செய்யும் சோதனையில், மறுத்தால் இருவருக்குமே பணம் இல்லை என்று தெரிந்தும் நகரத்து மாணவர்கள் பலர் அற்பப் பங்கை மறுக்கிறார்கள். பெருவின் அமேசான் காட்டு மச்சிகெங்கா மக்களோ பெரும்பாலும் அதை வாங்கிக்கொண்டார்கள். எது நியாயம் என்பதை ஊரும் கற்றுக்கொடுக்கிறது.

சொல்ல மறந்துவிட்டேன்: அந்தப் பெண்மணி கடைக்கார அக்காவின் உடன்பிறந்த தங்கையின் மகளாம். நேற்றுத்தான் தெரிந்தது. உதவி பெறுபவரின் பயனை உறவின் அளவால், அதாவது இருவரும் பகிரும் மரபணுப் பங்கால், பெருக்கிப் பார்த்து, அது உதவுபவரின் செலவை மிஞ்சினால் அந்த உதவும் குணம் தலைமுறைகளில் பரவும் என்று 1964இல் உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் கணக்கிட்டார். தங்கை மகளுக்கு உறவு கால் பங்கு, எனக்குச் சுழியம். கணக்கு சரிதான், நேயர்களே. ஆனாலும் வரும் சனிக்கிழமை சற்றுப் பெரிய பையாக எடுத்துக்கொண்டு போவேன், அதைத் திறந்தே பிடித்திருப்பேன்.