பி.எஸ்சி. விலங்கியலுக்குக் கடன் வாங்கலாமா? மண்டபத்திலிருந்து ஒரு கணக்கு

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் விரிகுடாப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். காற்று பலமாக இருக்கிறது. இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தி மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவெடுத்துத் தேறியிருக்கிறாள். வெளியூரில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் சேர, விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஆகும் என்றும், வங்கியில் கல்விக்கடன் கிடைத்துவிடும் என்றும், படித்து முடித்து வேலைக்குப் போனபின் கட்டினால் போதும் என்றும் சித்தியிடம் சொல்லியிருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் இதே சொற்களை நம்பித்தான், இதே தொகைக்கு, என் தந்தை எனக்காகக் கையெழுத்திட்டார். ஆகவே இன்று அந்தக் கணக்கை உங்கள் முன் முழுமையாகப் போட்டுக் காட்டுகிறேன்.

இந்தத் தாளைப் பாருங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் மூன்று ஆண்டுகளில் 3 லட்சம் அசல். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் மூன்று ஆண்டுகளும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. முதல் லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 40,000, இரண்டாவதற்கு 30,000, மூன்றாவதற்கு 20,000. முதல் தவணை கட்டும் நாளில் நம் கடன் 3 லட்சம் அல்ல, 3,90,000. அதை ஏழு ஆண்டுகளில் அடைப்பதானால் மாதம் ஏறத்தாழ 6,475 ரூபாய். மொத்தத்தில் கட்டுவது சுமார் 5 லட்சத்து 44 ஆயிரம். தவணையைக் குறைக்க எண்ணிப் பத்து ஆண்டுகளாக நீட்டினால் மாதம் 5,154 ஆகும். மொத்தமோ 6 லட்சத்து 18 ஆயிரத்தைத் தாண்டும்.

எனக்கு முதல் வேலை ஓர் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் கிடைத்தது, சம்பளம் 13,000. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் 6,000 போக, தவணையைக் கட்டிய பின் கையில் நின்றது 500 ரூபாய்தான். ஊருக்கு ஒருமுறை வந்துபோனால் அதுவும் தீர்ந்துவிடும். அந்தத் தவணைக்காகவே எம்.எஸ்சி.யை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். பிறகு சேர்ந்தபோதும் தவணை நிற்கவில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளை எடுத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய சங்கிலி அது.

உயிரியல் படித்தால் வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்தக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு வேறில்லை என்றே நான் நம்புகிறேன். 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் இருந்தது இந்த மண்டபத்தில்தான். அது பின்னர் கொச்சிக்கு மாறியபோதும் நிலையத்தின் மண்டல மையம் இங்கேயே இயங்குகிறது. தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், உள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. சிக்கல் எல்லாம் வருமானம் எப்போது வருகிறது என்பதில்தான் இருக்கிறது. உயிரியலில் பி.எஸ்சி.யோடு நிற்பவருக்குக் கிடைக்கும் சம்பளம் பெரும்பாலும் குறைவு. ஆய்வுக்குப் போவதென்றால் எம்.எஸ்சி. முடித்து, நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெறவேண்டும். 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. ஆசிரியர் ஆவதென்றால் பி.எட். இரண்டு ஆண்டு. எந்த வழியில் போனாலும் பிளஸ் டூவிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகள். பி.எஸ்சி.க்கு வாங்கிய கடனின் தவணையோ நான்காம் ஆண்டு முடிந்ததும் வாசலில் வந்து நிற்கிறது. மேற்படிப்பைக் காட்டி அதைத் தள்ளிவைக்குமாறு வங்கியிடம் விண்ணப்பிக்கலாம். ஒப்புக்கொண்டாலும் வட்டி நிற்பதில்லை.

நம் வீடுகளில் இன்னொரு கணக்கும் உண்டு. கல்விக்கடனில் பெற்றோர் இணைக் கடனாளி. தவணை தவறினால் பிள்ளைக்கு மட்டுமல்ல, தந்தைக்கும் சிபில் மதிப்பெண், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண், குறையும். என் தந்தை விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். இங்கே விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்கள்தாம் கடலுக்குப் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம். நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் வரும். அந்த இரண்டு மாதத் தவணை மட்டுமே 12,950. என் சம்பளம் தாமதமான ஒரு மே மாதம், அப்பா வியாபாரியிடம் முன்பணம் வாங்கி அதை அடைத்தார். அந்த முன்பணத்துக்காகத் தடைக்காலம் முடிந்து வந்த மீனை அந்த வியாபாரி சொன்ன விலைக்கே போடவேண்டியதாயிற்று. இதை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை.

வட்டி மானியம் இருக்கிறதே என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கான மத்திய அரசின் முழு வட்டி மானியம் தொழிற்படிப்புகளுக்கும் தொழில்நுட்பப் படிப்புகளுக்கும் உரியது; நாம் சேரும் பி.எஸ்சி. அதில் அடங்குகிறதா என்று எழுத்து மூலமாகக் கேட்டறியாமல் கையெழுத்திட வேண்டாம். வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்பது உண்மைதான். மாதம் 13,000 வாங்குபவர் வரியே கட்டுவதில்லை என்பதால் அவருக்கு அதனால் பயனில்லை.

சித்தியிடம் நான் சொன்னது இதுதான். பி.எஸ்சி.யை அரசுக் கல்லூரியில் படிக்கட்டும். அங்கே ஆண்டுச் செலவு சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கடன் வாங்கியே தீரவேண்டும் என்றால் எம்.எஸ்சி.க்கு வாங்கலாம், அப்போது தவணை தொடங்கும் காலமும் சம்பளம் தொடங்கும் காலமும் ஓரளவு ஒட்டி வரும். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு பி.எஃப்.எஸ்சி. என்னும் மீன்வள அறிவியல் படிப்பு கிடைத்தால் கணக்கே வேறு, அது தொழிற்படிப்பு. அதற்கும் சேர்த்தே விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தனியார் கல்லூரிதான் வேண்டும் என்று அவள் உறுதியாக நின்றால், படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவரச் சொல்வேன். முதல் ஆண்டில் மாதம் 833 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 1,667, அதன்பின் 2,500. அப்படிக் கட்டினால் ஏழாண்டுத் தவணை 6,475இலிருந்து 4,980 ஆகக் குறையும். மொத்தத்தில் ஏறத்தாழ 35,000 ரூபாய் மிஞ்சும். ஆனால் தடைக்காலத்தில் அந்த 2,500ஐ யார் கட்டுவது என்பதைச் சேரும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவேண்டும். இன்று மாலை சித்தி வீட்டுக்குப் போகிறேன். இந்தத் தாளை அங்கே சித்தப்பாவிடம் கொடுக்கப்போகிறேன். நன்றி, வணக்கம்.