மூன்று வாரமாக வராத மேடு நேற்று வந்துவிட்டது!

வணக்கம் மக்களே. வழக்கம்போல மொட்டை மாடி, வழக்கம்போல காபி. பின்னால் இரைவது பெங்களூரில் எங்கள் அல்சூர் தெருவுக்கு வந்திருக்கும் தண்ணீர் டேங்கர். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். போன மூன்று வீடியோவிலும், செல்லுக்குள் கால்சியம் மேடாக ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடக் கோடு சரியாக வரவில்லை என்று புலம்பினேன் அல்லவா? நேற்று ராத்திரி வந்துவிட்டது. லேபில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

நான் வளர்ப்பது இன்சுலின் சுரக்கும் செல்கள், எலியின் கணையக் கட்டியிலிருந்து வந்த ஐஎன்எஸ்-1 என்ற செல் வகை. ஹார்மோன் வெளியே போக வேண்டுமென்றால் செல்லுக்குள் கால்சியம் ஏற வேண்டும். கால்சியம் என்றாலே எலும்பு, பல், பால் என்று முடித்துவிடும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. எலும்பிலும் பல்லிலும் இருப்பது 99 சதவீதம், உண்மைதான். ஆனால் மீதி ஒரு சதவீதம் செய்யும் வேலையை யாரும் சொல்வதில்லை.

செல்லின் சைட்டோபிளாசத்தில், அதாவது உள்ளே நிறைந்திருக்கும் கூழில், தனியாக உலவும் கால்சியம் ஏறக்குறைய 100 நானோமோலார்தான். வெளியே ரத்தத்தில் அது ஒரு மில்லிமோலாருக்கு மேல், அதாவது பத்தாயிரம் மடங்கு. உள்ளேயே ஒரு சம்ப் இருக்கிறது: எண்டோபிளாச வலை, லேபில் ஈஆர் என்போம். செர்கா என்ற பம்ப், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து அதற்குள் கால்சியத்தை இறைத்துக்கொண்டே இருக்கும். நரம்பு அனுப்பும் அசிடைல்கோலின் வந்து செல்லைத் தொட்டால் ஐபி3 என்ற தூது மூலக்கூறு உருவாகி, ஈஆரின் கதவைத் திறந்துவிடும். குளுக்கோஸ் ஏறினால் கதை வேறு. பொட்டாசியம் வாசல் மூடி, செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும்.

இப்போது டேங்கர். எங்கள் ஐந்து வீட்டுக்கும் ஒரே சம்ப். இந்த வாரம் டேங்கருக்கு 1500 ரூபாய், ஆளுக்கு 300. போன மாதம் ஆளுக்கு 240 தான் கொடுத்தோம். ஒரே தண்ணீர், ஒரே வண்டி, அறுபது ரூபாய் ஏன் ஏறியது என்று கேட்டால் பதிலே இல்லை. வீட்டு அக்காவிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். நாளைக்கும் கேட்பேன். சரி, விஷயம் என்னவென்றால், சம்பில் தண்ணீர் இறங்கினால்தான் அக்கா டேங்கருக்கு போன் செய்வார். செல்லில் அந்த வேலையைச் செய்வது ஸ்டிம்1 என்ற புரதம். ஈஆர் காலியாவதை உணர்ந்து, வெளிச்சவ்வில் உள்ள ஒராய்1 வாசலைத் திறக்க வைக்கும். ஸ்டிம்1-இன் இந்த வேலை தெரிய வந்தது 2005இல், ஒராய்1 அடுத்த ஆண்டே.

சோதனை இதுதான். தாப்சிகார்ஜின் என்ற வேதிப்பொருளை ஊற்றினால் செர்கா நின்றுவிடும். ஈஆரிலிருந்து கசிவது திரும்ப ஏற முடியாமல் சைட்டோபிளாசத்தில் ஒரு மேடாகத் தெரிய வேண்டும். ஒன்றை விட்டுவிட்டேன்: அதற்கு முன் வெளியே கால்சியம் இல்லாத கரைசல் வேண்டும். கால்சியம் சேர்க்காமல் விட்டால் மட்டும் போதாது, தண்ணீரிலும் கண்ணாடியிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதைப் பிடித்து வைக்க ஈஜிடிஏ என்ற வேதிப்பொருளைப் போட வேண்டும். அப்போதுதான் அந்த மேடு உள்ளிருந்து வந்தது என்று நம்பலாம்.

எனக்கோ மேடு சப்பை, தொடக்கக் கோடே உயரத்தில். காரணம், கால்சியத்தை ஒளியால் காட்டும் ஃபூரா-2 சாயம். 340, 380 நானோமீட்டர் இரண்டு ஒளியிலும் அளந்து விகிதம் எடுப்போம், ரோஜர் சியன் குழு 1985இல் தந்த சாயம், எனக்கு மிகவும் பிடித்தது. அதை நான் 37 டிகிரியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சூட்டில் சாயம் ஈஆருக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். அங்கே கால்சியம் நிறைய, சாயம் நிரம்பி வழியும், எப்போது பார்த்தாலும் 'அதிகம்' என்றே காட்டும். நேற்று அறை வெப்பத்திலேயே ஏற்றினேன். பெங்களூரு அறை வெப்பம் 25 டிகிரி. எங்கள் மதுரையில் ஏசி போட்டால்தான் அது கிடைக்கும். செல் வளர்ந்த ஆறு கவர்ஸ்லிப்பில், அதாவது சிறு கண்ணாடித் தகட்டில், ஐந்தில் மேடு அழகாக ஏறி இறங்கியது. கால்சியத்தைத் திரும்ப ஊற்றியதும் இரண்டாவது மேடு, ஒராய் வழியாக.

ஈஆரை மட்டும் சேமிப்பு என்று சொல்லி நிறுத்துவதும் எனக்குப் பிடிக்காது. ஹார்மோன் அடைத்து வைத்திருக்கும் துகளிலேயே கால்சியம் குவிந்திருக்கிறது. அட்ரினலின் சுரக்கும் செல்களின் துகள்களில் மொத்தக் கால்சியம் 20 முதல் 40 மில்லிமோலார், பெரும்பகுதி குரோமோகிரானின் புரதத்தோடு ஒட்டியபடி. அது சைட்டோபிளாசத்துக்குத் திறந்துவிடப்படுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் ஓடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவும் செல்லில் கால்சியம் ஏறும்போது கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்த சனிக்கிழமை இதே செல்லில் அசிடைல்கோலின் வகை மருந்தையும் குளுக்கோஸையும் தனித்தனியாக ஊற்றி, இரண்டு கோட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். இருங்கள், அக்கா மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கூப்பிடுகிறார்.